உள்நோக்கித் திறக்கும் கதவு

சென்னியப்பன் என்னும் மாணவருக்குக் கட்டட விதித்தொகுப்பில் தெரியாதது ஒன்றே ஒன்றுதான் என்றது ‘நிலைக்கால்’ நிறுவனத்தின் கணினி. தீப்பிடித்த கட்டடத்திலிருந்து தப்பி ஓடும் வழியில் இருக்கும் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. படிக்கட்டின் அகலம் தெரிந்தது. கைப்பிடிச் சுவரின் உயரம் தெரிந்தது. மின்தூக்கிக் குழியின் ஆழம்வரை தெரிந்தது. இந்தக் கதவு மட்டும் அவர் தலைக்குள் நுழைய மறுத்தது. ஒரே பாடத்தில், ஒரே கேள்விக்கு, ஒரே தவறான விடையை அவர் மாதக்கணக்கில் அளித்துக்கொண்டிருந்தார்.

“தூக்கிடும்மா,” என்றார் ரெஜினால்டு. பாடப் பிரிவின் தலைவர் அவர். காப்பிக் கோப்பையோடு மாதங்கியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எல்லாப் பாடத்துலயும் ஒண்ணு ரெண்டு பேர் இப்படி முட்டிக்கிட்டு நிப்பாங்க. எத்தனை சொல்லிக் கொடுத்தாலும் ஏறாத தலைங்க. வெள்ளிக்கிழமையோட கெடு முடியுது, சிஸ்டமே தானா நீக்கிடும். நீ ஏன் உக்காந்து மண்டைய உடைச்சுக்கறே?”

“மத்த பாடமெல்லாம் முதல் தடவையிலேயே முடிச்சிருக்கார் சார். ஓவர்சியர் வேற. இது மட்டும் எப்படி ஏறாமப் போகும்?”

“அப்ப மத்ததையெல்லாம் வேற எவனோ உக்காந்து முடிச்சுக் கொடுத்திருக்கான். இது ஒண்ணுதான் மனுஷனோட சொந்தச் சரக்கு.” அவர் தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்துக்கொண்டார். “சந்தேகமா இருந்தா நேர்ல போய்ப் பாத்துட்டு வா. ஆள் மாறாட்டம்னா தேர்வு வாரியத்துக்கு எழுதணும்.”

மாதங்கி சிரிக்கவில்லை. அந்தப் பாடம் அவள் கட்டியது. ‘கட்டியது’ என்றுதான் அந்த அலுவலகத்தில் சொல்வார்கள். பாடத்தை எடுப்பது, எழுதுவது என்ற பேச்சுகளெல்லாம் அங்கே வழக்கொழிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

கட்டடத்துக்கு நிறைவுச் சான்றில் கையெழுத்திடும் எவரும் இனிமேல் ஆய்வாளர் சான்றிதழ்த் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, அதற்கான இணையவழிக் காணொளிப் பாடங்கள் புற்றீசலாகக் கிளம்பின. வெள்ளைப் பலகையின் முன் நின்று விதி எண்களை ஒப்பிக்கும் காணொளிகள் அவை. பீளமேட்டில் இருந்த நிலைக்கால் நிறுவனம் வேறொரு வழியைத் தேர்ந்தது. விதித்தொகுப்பின் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் சாவு இருக்கிறது. அந்தச் சாவைக் காட்டினால் விதியை மனப்பாடம் செய்யவேண்டியதே இல்லை என்பது அதன் கொள்கை.

அதற்கு நிகழ்மீட்பு என்ற நுட்பம் கைகொடுத்தது. விபத்து நடந்த கட்டடத்தின் வரைபடம், எரியாமல் மிஞ்சிய கண்காணிப்புக் காட்சிகள், உள்ளே இருந்தவர்களின் கைப்பேசிகள் பதிந்த அசைவுகள் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும்; நடந்ததை உள்ளே நின்று பார்க்கும் அளவுக்கு இயந்திரம் மறுபடி எழுப்பித் தரும். நீதிமன்றங்களுக்காகப் பிறந்த நுட்பம், காலப்போக்கில் வகுப்பறைக்குள் வந்து சேர்ந்திருந்தது.

மாதங்கியின் பாடத்தில் மாணவர், தீப்பிடிப்பதற்கு முந்தைய நாள் ஆய்வாளராக அந்தக் கட்டடத்துக்குள் நுழைவார். ஐந்து மாடி. மேல்தளத்தில் வங்கித் தேர்வுக்கான பயிற்சி வகுப்பு. மாணவர் சுற்றிப் பார்த்து முடித்ததும் ஒரு கேள்வி எழும்: அனுமதி அளிக்கிறீர்களா, மறுக்கிறீர்களா? அனுமதித்தால் மறுநாள் வரும், தீ பிடிக்கும், மாணவர் படிக்கட்டின் அடியில் நின்று பார்க்க வேண்டும். மேலிருந்து இறங்கி வருபவர்களில் முதலில் கதவை எட்டுபவள் ஓர் இளம்பெண். கதவு உள்நோக்கித் திறப்பது. அவள் எட்டித் தாழ்ப்பாளை நீக்குவதற்குள் பின்னால் வந்தவர்களின் எடை அவளைக் கதவோடு சேர்த்து அழுத்திவிடும். இழுக்க இடம் இருக்காது. தாழ்ப்பாள் விலகும் ஓசையோடு திரை இருண்டுவிடும். அதற்கு மேல் பாடம் எதையும் காட்டாது. அனுமதியை மறுத்தாலோ, கதவு வெளிநோக்கி மாற்றிப் பொருத்தப்பட்டிருக்கும். அதே தீ. அதே மனிதர்கள். எல்லாரும் வெளியேறுவார்கள்.

சரியான விடை அளித்தபின் பாடம் மூடிக்கொள்ளும், மறுபடி திறக்காது. இந்த ஏற்பாடு மாதங்கியுடையது. ஆய்வாளர் ஒரு கட்டடத்துக்கு ஒருமுறைதான் கையெழுத்திடுகிறார். காப்பாற்றுவதும் ஒருமுறையே வாய்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது விளையாட்டாகிவிடும் என்று அவள் கூட்டத்தில் வாதாடி வென்றிருந்தாள்.

அந்த இளம்பெண்ணை அலுவலகத்தில் ‘முதலாமவள்’ என்று குறிப்பிட்டார்கள். சட்டப்படி அவளுடைய முகம், குரல், உடை ஆகிய மூன்றும் மாற்றப்பட்டிருந்தன. நடையை மட்டும் மாற்ற முடியவில்லை. நடையைத் தொட்டால் அவள் கதவை எட்டும் நேரம் மாறும்; நேரம் மாறினால் நடந்தது பொய்யாகிவிடும். அந்த நடையிலோ ஒரு விசித்திரம் இருந்தது. ஒவ்வொரு தளத்தின் திருப்பத்திலும் கடைசிப் படியை மிதிக்காமல் இரண்டு கால்களையும் சேர்த்து அவள் குதித்துவிடுவாள். அது இயந்திரத்தின் பிழையென்று எண்ணி மாதங்கி சீராக்கிப் பார்த்தாள், கணக்கு உதைத்தது. விட்டுவிட்டாள். பாடத்துக்குக் கீழே கருத்தெழுதும் மாணவர்கள் அந்தப் பெண்ணுக்கு ‘முயல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மாதங்கி சென்னியப்பனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“வணக்கம் சார். பாடத்துல எந்த இடம் புரியலைன்னு சொன்னீங்கன்னா நானே விளக்கறேன்.”

“எல்லாமே புரியுதுங்க மேடம். நல்லாத்தான் பண்ணியிருக்கறீங்க.”

“அப்புறம் ஏன் சார் திரும்பத் திரும்பத் தப்பாகுது?”

“வயசாச்சுங்களே. மறந்து மறந்து போயிருதுங்க.” தொடர்பு துண்டிக்கப்பட்டது.

நீக்கப்படுவதற்கு ஒருநாள் மிச்சம் இருந்தது. நீக்கப்பட்டால் தேர்வுக்கான நுழைவுச் சீட்டு கிடையாது. தேர்வெழுதாத ஓவர்சியரைக் களப்பணியிலிருந்து எடுத்து வரி வாங்கும் சன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்துவிடுவார்கள். அந்த மனிதரின் வேலை தன் பாடம் ஒன்றில் சிக்கிக் கிடக்கிறது என்ற எண்ணம் மாதங்கியை உறுத்தியது. வியாழக்கிழமை பிற்பகல் அவள் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பேருந்து ஏறினாள்.

ஊருக்கு வெளியே, வாய்க்காலை ஒட்டிய தெருவில் இருந்தது வீடு. மாடி வைத்த சிறிய வீடு. சென்னியப்பன் அப்போதுதான் பணியிடத்திலிருந்து திரும்பியிருந்தார். கால்சட்டையின் மடிப்பில் சிமெண்டுத் தூசு படிந்திருந்தது. அடையாள அட்டையை நீட்டியவளை அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “கம்பெனியிலிருந்தே வந்துட்டீங்களா,” என்றார். குரலில் வியப்பில்லை, எதிர்பார்த்த ஒன்று கொஞ்சம் முன்கூட்டி வந்துவிட்டது போல் இருந்தது.

“கலாமணி, மோர் கொண்டா. கோயமுத்தூர்லிருந்து வந்திருக்காங்க, பரீட்சை விசயமா.”

மாடியறையில் ஒரு மேசையும் கணினியும் காதில் மாட்டும் ஒலிக்கருவியும் இருந்தன. சுவரில் வங்கித் தேர்வுக்கான பழைய கால அட்டவணை ஒன்று ஒட்டியபடியே மங்கியிருந்தது. அதன்மேல் ஒரு கணம் நின்ற பார்வையை விலக்கிக்கொண்டு, மாதங்கி வந்த வேலையைத் தொடங்கினாள். படிக்கட்டு, தூண், மின்பாதை என்று வரிசை மாற்றி மாற்றிக் கேட்டாள். தண்ணீர் பட்ட பாடாக விடை வந்தது. ஆள் மாறாட்டம் இல்லை.

“சரி சார். தப்பிக்கும் வழிக் கதவு?”

“வெளிப்பக்கம் தொறக்கோணும்.”

“ஏன்?”

“மேலிருந்து ஓடியாற கூட்டம் முதுகுல சாஞ்சிரும். உள்பக்கமா இழுக்கோணும்னா ஒரு எட்டு பின்னால போகோணும். அந்த ஒரு எட்டுக்கு எடமிருக்காதுங்க.”

எந்த விரிவுரையாளரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. “இவ்வளவு தெளிவா தெரிஞ்சிருக்கு. பின்ன ஏன் அனுமதின்னு போடறீங்க?”

அவர் மேசையின் விளிம்பைத் துடைத்தார். அங்கே தூசு ஏதுமில்லை. “கை தவறிப் போயிருதுங்க மேடம்.”

“இத்தனை மாசமா கை தவறுமா சார்?”

தன்னை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்ற சினத்தோடு மாதங்கி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். படியிறங்கும்போதும் அந்தச் சினம் அவள் காலில் இருந்தது. கடைசிப் படியிலிருந்து இறக்கிய கால், நினைத்த இடத்துக்கு முன்பே தரையை முட்டியது. உடல் முன்னால் சாய்ந்தது. சமையலறை வாசலில் நின்ற கலாமணி ஓடிவந்து அவள் முழங்கையைப் பற்றிக்கொண்டார்.

“பாத்துங்க அம்மிணி! அந்தக் கடைசிப் படி மட்டும் ஒரு விரக்கட உசரம் கம்மி. ஊருக்கெல்லாம் டேப்பு புடிச்சு அளந்து குடுக்கறவரு, சொந்த ஊட்டுல கோட்ட உட்டுட்டாரு. நாங்க பழகிட்டோம். எங்க பாப்பா அதுல காலே வெக்க மாட்டா. ரெண்டு காலயும் சேத்து ஒரே குதி. இங்கன்னு இல்ல, எந்தப் படி எறங்குனாலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துல டீச்சருங்க வைவாங்க...”

பேச்சு பாதியில் நின்றது. கலாமணியின் பார்வை தன்னையறியாமல் கூடத்துச் சுவருக்குப் போயிற்று. அங்கே ஒரு படம் மாட்டியிருந்தது. அந்த முகம் மாதங்கிக்குத் தெரியாது. முகங்கள் மாற்றப்பட்ட பிறகுதான் எந்த மீட்பும் அவள் மேசைக்கு வரும். ஆனால் அந்த உடலின் எடை எவ்வளவு, எட்டு வைக்கும் நீளம் எவ்வளவு, குதிக்கும்போது எந்தக் கால் முதலில் தரையைத் தொடும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சென்னியப்பன் மாடிப்படியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தார்.

கலாமணி மறுபடி சமையலறைக்குள் போய்விட்டார். மாதங்கி ஒவ்வொரு படியாக ஏறினாள். அறைக்குள் வந்ததும் இருவரும் உட்காரவில்லை.

“எப்பத் தெரிஞ்சுது சார்?”

“மொத வாட்டி நெசமாலுமே கை தவறித்தானுங்க,” என்றார் அவர். “தாசில்தார் ஆபீசுல இருந்து போன் வந்துச்சு. எடுக்கப் போனவன் அனுமதிங்கறதுல வெரல வெச்சுப்போட்டேன். சரி, என்ன ஆகுதுன்னு பாக்கலாம்னு உக்காந்திருந்தனுங்க. மேலிருந்து ஒரு புள்ள எறங்கி வருது. மூக்கு முழியெல்லாம் வேற. துணி வேற. மூணாவது மாடித் திருப்பத்துல குதிச்சுது பாருங்க...”

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். வாய்க்காலில் தண்ணீர் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது.

“அடுத்த நாளு சரியாப் போட்டு முடிச்சிரலாம்னுதான் தொறந்தனுங்க. சரியாப் போட்டா அப்பறம் தொறக்காதுன்னு கீழ எழுதியிருந்துச்சு.”

அந்த வாக்கியம் மாதங்கி எழுதியது. மெருகேற்றி மெருகேற்றி எழுதியது.

“பசங்க அடியில முயல்னு எழுதறாங்க,” என்றார் அவர். “மொதல்ல கோவம் வந்துச்சு. அப்பறம், பேரு வெக்கற அளவுக்குப் பாக்கறாங்களேன்னு இருந்துச்சுங்க.”

“சார்... அந்தக் கட்டடத்துக்கும் உங்க வேலைக்கும்...”

“என்னன்னு கேக்க வர்றீங்கன்னு தெரியுது. அது எங்க ஏரியா இல்லீங்க. அதுக்குக் கையெழுத்துப் போட்டவன் யாருன்னுகூட எனக்குத் தெரியாது. கேசு நடந்தப்ப ஒரு நாள் கோர்ட்டுக்குப் போனேன். மூஞ்சியப் பாக்கப் புடிக்காம வெளியவே நின்னுட்டு வந்துட்டேன். கண்டமேனிக்குச் சாபம் உட்டிருக்கறேன் அவன. ஆனாப் பாருங்க அம்மிணி, அவன் ஒருக்காத்தான் போட்டான். நான் எத்தன வாட்டி போட்டிருக்கறேன்னு உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியும்.”

மாதங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் நின்ற இடம் இப்போது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. சரியான விடை அளித்தால் பாடம் மூடிக்கொள்ளும். தவறான விடையை இன்னொருமுறை அளித்தால் நாளைக்குக் கணினி அவரை வெளியேற்றிவிடும். உண்மையைச் சொல்லியிருந்தாலோ, இறந்தவரை யாரேனும் அடையாளம் கண்டுகொண்டால் பாடத்தையே அழித்துவிட வேண்டும் என்று சட்டம் இருந்தது. அதையும் பாடத்தின் முகப்பில் எழுதியிருந்தார்கள். தப்பிக்கும் வழிகளைப் பற்றி ஒரு பாடம் கட்டியவள், ஒரு மனிதருக்கு மூன்று கதவுகளையும் உள்நோக்கித் திறக்கும்படி பொருத்தி வைத்திருந்தாள்.

“ஒரு வழி இருக்கு சார்,” என்றாள் மெல்ல. அவள் சொல்லப்போவது விதிமீறல் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. “அவங்க படி இறங்கற பகுதிய மட்டும் தனியா வெட்டி உங்களுக்குக் கொடுத்துடறேன். கேள்வி இருக்காது. அனுமதி, மறுப்பு எதுவும் இருக்காது. எப்ப வேணும்னாலும் பாக்கலாம். யாருக்கும் தெரியவேண்டாம்.”

அவர் கணினித் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

“அதுல அவ எங்க போவா?”

“எங்கயும் போகமாட்டாங்க. இறங்கிக்கிட்டே இருப்பாங்க.”

“வேண்டாங்க,” என்றார் சென்னியப்பன். “எத்தன நாளைக்குத்தான் புள்ளையப் படியிலயே நிக்க வெக்கறது.”

கீழே பாத்திரம் வைக்கும் ஓசை கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தினார். “கலாமணிக்குத் தெரியாதுங்க. கேட்டாத் தாங்கமாட்டா. அதுக்குத்தான் இதக் காதுல மாட்டிக்கறது.” ஒலிக்கருவியின் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டு சற்றுத் தயங்கினார். “சரியாப் போட்டா என்னாகுமுங்க?”

அப்போதுதான் மாதங்கிக்கு உறைத்தது. இந்தப் பாடத்தை அதிக முறை பார்த்திருக்கும் மனிதர் அதன் முடிவை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. “கதவு வெளிய திறக்கும். அவங்க...”

“சொல்லாதீங்க. பாத்துக்கறேன்.”

நாற்காலியை இழுத்து மேசையின் முன் உட்கார்ந்தார். பாடத்தைத் திறந்தார். கட்டடத்துக்குள் நுழைந்தார். பழகிய வீட்டுக்குள் நடப்பதுபோல் தளம் தளமாக ஏறி இறங்கினார். கதவின் முன் வந்து நின்றார். அதன் கீல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை முதன்முறை பார்ப்பவரைப் போலக் குனிந்து பார்த்தார். கேள்வி எழுந்தது. அவர் கை ஒலிக்கருவியை எடுத்துக் காதருகே கொண்டு போயிற்று.

“அத மாட்டாதீங்க.”

கதவருகே கலாமணி நின்றிருந்தார். கையிலிருந்த துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“அடுப்படிக்கு நேர் மேலதானுங்க இந்த ரூம்பு,” என்று மாதங்கியிடம் சொன்னார். கணவரைப் பார்க்கவில்லை. “இவரு காதுல மாட்டிக்கிட்டுப் பாப்பாரு. அவ குதிக்கறப்பெல்லாம் இவரு காலும் தரையில குதிக்கும். இவருக்கே தெரியாது. நான் கீழ கேட்டுக்கிட்டே இருப்பேன். டொம்முன்னு ஒண்ணு. சித்தெ நேரங்கழிச்சு இன்னொண்ணு. மொத நாளே எங்கொழந்த எறங்கி வர்ற சத்தம்னு தெரிஞ்சு போச்சு. என்ன பாக்கறாரு, எப்படிப் பாக்கறாருன்னு தெரியாது. நானும் கேக்கல.”

“கலா...” என்றார் சென்னியப்பன்.

“நாலு சத்தம் கேக்கும். அஞ்சாவதுக்குக் காதத் தீட்டிக்கிட்டு நிப்பேன். ஒரு நாளும் அது வந்ததில்ல.” துணியை மேசைமேல் வைத்தார். “போடுங்க. எனக்கும் கேக்கட்டும்.”

சென்னியப்பன் ஒலிக்கருவியின் கம்பியைக் கழற்றிவிட்டு, ‘மறுப்பு’ என்பதில் விரலை வைத்தார். எடுக்கவில்லை. பிறகு அழுத்தினார்.

திரையில் மறுநாள் வந்தது. புகை மேல்தளத்திலிருந்து கசிந்தது. யாரோ கத்தினார்கள். காலடிகள் தொடங்கின. நான்காவது மாடித் திருப்பத்தில் முதல் குதிப்பு விழுந்தது. கலாமணி கண்களை மூடிக்கொண்டார். அவருக்குக் காட்சி தேவைப்படவில்லை. மூன்றாவது மாடி. இரண்டாவது மாடி. மாதங்கி திரையை விட்டுத் தரையைப் பார்த்தாள். மேசைக்கு அடியில் சென்னியப்பனின் குதிகால்கள் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தன. நான்காவது குதிப்போடு அந்தப் பெண் படியடிக்கு வந்துவிட்டாள். அந்நிய முகம், அந்நிய உடை. பின்னால் கூட்டத்தின் இரைச்சல் நெருங்கியது. அவள் கையை நீட்டித் தள்ளினாள்.

கதவு வெளியே போயிற்று.

வெயில் உள்ளே விழுந்தது. ஏதோ ஒரு வண்டியின் ஒலிப்பான் கேட்டது. கட்டடத்துக்கும் தெருவுக்கும் இடையே ஒற்றைப் படி ஒன்று இருந்தது. அவள் அதன் விளிம்பில் ஒரு நொடி நின்று, இரண்டு கால்களையும் சேர்த்துத் தெருவில் குதித்தாள்.

அறையில் அந்த ஓசை இரண்டு இடங்களிலிருந்து எழுந்தது. ஒன்று ஒலிபெருக்கியிலிருந்து, மற்றொன்று தரையிலிருந்து.

‘பாடம் நிறைவுற்றது. இது மீண்டும் திறக்காது. அடுத்த பாடம்: மழைநீர் வடிகால்’ என்றது திரை.

கலாமணி கண்ணைத் திறந்து, “வெளிய போயிட்டாளா?” என்று கேட்டார்.

“போயிட்டா,” என்றார் சென்னியப்பன். அவர் முகம் நனைந்திருந்தது. அதை அவர் துடைக்கவில்லை.

மாதங்கி விடைபெறும்போது அவர் கூடவே வாசல்வரை வந்தார். “சட்டத்துல, பெத்தவங்க சம்மதிச்சா பாடம் இருக்கலாமுங்களா?”

“எழுத்துல கொடுத்தா இருக்கலாம் சார். ஆனா நீங்க யோசிச்சு...”

“குடுத்தர்றோம். அவ முகத்தப் போட வேண்டாம். பேரும் வேண்டாம். நடை மட்டும் அப்படியே இருக்கட்டும். சரி பண்றேன்னு யாரும் அதுல கைய வெக்கக்கூடாது.”

ஒருகாலத்தில் கை வைத்துப் பார்த்தவள் தலையசைத்தாள்.

“உங்க தேர்வு?”

“எழுதறனுங்க. தப்பான கட்டடத்துக்குக் கையெழுத்துப் போடமாட்டேன்னு நிக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல.” பிறகு, அதையெல்லாம் தாம் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்பதுபோல், “பஸ் ஏழரைக்கு ஒண்ணு இருக்குதுங்க. நில்லுங்க, வண்டியில கொண்டுபோய் உடறேன்,” என்றார்.

மறுநாள் காலை ரெஜினால்டு அவள் மேசைக்கு வந்தார். “என்னாச்சு, போலி ஆளா?”

“இல்ல சார். அவரேதான். நேத்து பாடத்த முடிச்சிட்டார்.”

“பரவால்லியே! அப்ப இத்தனை நாள் ஏன் தப்பாப் போட்டுக்கிட்டிருந்தார்?”

“சரியான விடை தெரிஞ்சதாலதான் சார்.”

அவர் புரியாமல் அவளைப் பார்த்தார். மாதங்கி விளக்கினாள். குரலை உயர்த்தாமல், ஓர் ஆய்வறிக்கையை வாசிப்பதுபோல் விளக்கினாள். அவர் கையிலிருந்த காப்பி ஆறிப்போனது. “எத்தனை லட்சத்துல ஒரு தடவை இப்படி நடக்கும்?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அவள் விடையை எதிர்பாராமல் தம் அறைக்குப் போனார்.

எத்தனை லட்சத்தில் ஒரு தடவை என்று அவளும் எண்ணிப் பார்த்தாள். அப்போது, அதே மனிதர் அதே இடத்தில் நின்று சொன்ன வேறொரு வாக்கியம் நினைவுக்கு வந்தது. எல்லாப் பாடத்துலயும் ஒண்ணு ரெண்டு பேர் இப்படி முட்டிக்கிட்டு நிப்பாங்க.

அவள் மற்ற பாடங்களில் நீக்கத்துக்குக் காத்திருப்பவர்களின் பட்டியலைத் திறந்தாள். கைப்பிடிச் சுவர்ப் பாடத்தில் ஒருவர். எரிவாயுக் குழாய்ப் பாடத்தில், ஒரே முகவரியிலிருந்து இருவர். மின்தூக்கிக் குழிப் பாடத்தில் தூத்துக்குடியிலிருந்து ஒரு பெண். அந்தப் பெண் கட்டடத் துறையில் வேலை செய்பவர்கூட அல்லர். எதற்காக இந்தப் பயிற்சியில் சேர்ந்தார் என்று எவரும் கேட்டதில்லை. ஏறாத தலைகள். இன்று மாலை கணினி அவர்களை நீக்கிவிடும். சென்ற ஆண்டு நீக்கப்பட்டவர்களும் இருந்தார்கள், அதற்கு முந்தைய ஆண்டும். நீக்கும் பொத்தானைச் சில வெள்ளிக்கிழமைகளில் கணினிக்கு முந்தி அவளே அழுத்தியிருக்கிறாள்.

தானியங்கி நீக்கத்தை நிறுத்தி வைத்தாள். தூத்துக்குடி எண்ணை அழைத்தாள். எந்த இடம் புரியவில்லை என்று கேட்கவே நா பழகியிருந்தது. அந்தக் கேள்வியை விழுங்கிக்கொண்டாள்.

“வணக்கம்மா. நிலைக்கால்லருந்து மாதங்கி பேசறேன். அந்த மின்தூக்கிப் பாடத்துல வர்றவர்... அவர் உங்களுக்கு யாரும்மா?”

மறுமுனையில் எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது; யாரோ அதை மூடினார்கள்.

“பாடத்த எடுத்துருவியளா?” என்றது அந்தக் குரல்.